கருகாத அதிரசம்

“‘இந்த வாரமும் என் வீட்டுக்காரி அதிரசத்தைக் கருக்கிவிட்டாள்’னு அடி தம்பி” என்றாள் மரிய அனிதா.

வீரபாண்டியன் டைப் அடிப்பதை நிறுத்தினான். “காலையில எனக்குக் குடுத்தீகளேக்கா, அதா? நல்லாத்தான இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சுன்னா யாரு படிப்பா? அடி. ‘எண்ணெய் புகையிற வரைக்கும் வேடிக்கை பார்த்துட்டு அப்புறம் மாவைத் தட்டிப் போட்டாள். மேலே கரி, உள்ளே பச்சை மாவு. அடுப்பைத் தணிக்கத் தெரியாதவளைக் கட்டிக்கொண்டேன்.’”

“நீளமாப் போகுதுக்கா. அண்ணன் ரெண்டு வரியில முடிச்சிருவாரு.”

“அவுகளுக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்றாள் அனிதா.

காரைக்குடி செக்காலையில் வீரபாண்டியன் இன்டர்நெட் மையம் திறந்தபோது முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் அனிதாவின் புருஷன், பலகாரக்கடை ஃபெலிக்ஸ்தான். கடைக்கு ஒரு இணையப் பக்கம் வேண்டும், சனிக்கிழமைதோறும் அதில் புதிதாக ஏதாவது எழுத வேண்டும் என்றான். ‘தரமான, சுவையான’ என்று வீரபாண்டியன் ஆரம்பித்ததும் கையைப் பிடித்துத் தடுத்தான்.

“எங்க பலகாரம் நல்லா இருக்கும்னு நானே சொன்னா எவன் நம்புவான்? பொண்டாட்டியைத் திட்டி எழுதுவோம். ஊரே நிண்டு கேக்கும்.”

கேட்டது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த நம் ஊர்க்காரர்கள் படித்துச் சிரித்தார்கள். இவ்வளவு திட்டு வாங்கும் சீடையைத் தின்றுதான் பார்ப்போமே என்று ஆர்டரும் அனுப்பினார்கள்.

அவர்களில் சிங்கப்பூர் சாத்தப்பன் தனி ரகம். கண்டரமாணிக்கத்துக்காரர். ஒவ்வொரு வாரமும் ஃபெலிக்ஸுக்குப் பதில் எழுதிவிடுவார். ‘உம்ம வீட்டுக்காரி கருக்கத்தானே செய்தாள். என் மெய்யம்மை பாயசத்தில் சீனி என்று உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்.’ ஃபெலிக்ஸ் அதைக் கடையில் வருகிற போகிற எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பான். அனிதா அடுப்படியிலிருந்து கரண்டியைக் காட்டுவாள்.

போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான் ஃபெலிக்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்தை மூடச் சொல்லத்தான் அனிதா வீரபாண்டியனிடம் வந்தாள். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ‘என்னய்யா, வீட்டில் சமாதானமா? திட்டையே காணோம்?’ என்று கேட்டிருந்தார் சாத்தப்பன்.

அனிதா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அடி தம்பி. அவுக எப்படித் திட்டுவாகன்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஃபெலிக்ஸ் பேரிலேயே தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, சாத்தப்பன் எழுதியிருக்காரு” என்றான் வீரபாண்டியன் இப்போது. படித்தவன் முகம் மாறிவிட்டது. “தை மாசம் மக கல்யாணமாம். பலகாரம் மொத்தமும் நம்மகிட்டதானாம். வியாழக்கிழமை காரைக்குடி வாராராம். ஃபெலிக்ஸைப் பார்த்து, வெத்தலை பாக்கு குடுத்துத்தான் ஆர்டர் சொல்லுவாராம்.”

அந்த ஒரு ஆர்டர் வந்தால் கடை நிமிர்ந்துவிடும். அனிதா முந்தானையைத் திருகினாள்.

“உள்ளதை எழுதிருவோமாக்கா?”

“வேணாம். நேர்ல சொல்லிக்கிறேன். இத்தனை நாளா ஏமாத்துனியான்னு கேட்டா வாங்கிக்க வேண்டியதுதான். ஆர்டர் போனாலும் போகட்டும். அந்த மனுசன் எழுதுறதை நிறுத்திட்டா, அவுகளுக்கு வம்பிழுக்க ஆள் இல்லாமப் போயிருமே தம்பி.”

வியாழக்கிழமை கடை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு ஆச்சி மட்டும்.

“வாங்க ஆச்சி. சாத்தப்பன் செட்டியார் வரலீகளா?”

“நான் மெய்யம்மை. நான்தான் வந்தேன். ஃபெலிக்ஸ் எங்க, ஆத்தா?”

அனிதா கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினாள். மாலை போட்ட படத்தில் ஃபெலிக்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.

“போன தவக்காலத்துலயே போய்ட்டாக, ஆச்சி. அப்புறம் எழுதுனதெல்லாம் நான்தான். செட்டியாரை ஏமாத்தணும்னு செய்யல. கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

ஆச்சி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தட்டிலிருந்த அதிரசம் ஒன்றை எடுத்து, விண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“இதையா கருக்கிட்டேன்னு எழுதுன?”

அனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ எழுதுறன்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் பார்க்க வந்தேன்.”

“எப்படி ஆச்சி?”

“ஆம்பளைக்குக் கருகிப்போச்சுன்னு திட்டத்தான் தெரியும். எதுனால கருகுச்சுன்னு தெரியுமா? எண்ணெய் புகைஞ்சுச்சு, அடுப்பைத் தணிக்கலன்னு காரணத்தோட திட்டுறவ அடுப்புக்கிட்ட நிக்கிறவளாத்தான் இருக்கணும். மொதல்ல நானும் அப்படித்தான் மாட்டிக்க இருந்தேன்.”

“நீங்களா?”

ஆச்சி கைப்பையைத் திறந்து வெற்றிலை பாக்கை எடுத்து, அனிதாவின் கையில் வைத்து மூடினார்.

“‘சீனின்னு உப்பை அள்ளிப் போட்டுட்டா மெய்யம்மை’ன்னு எழுதுனது எங்க வீட்டுச் செட்டியார்னா நெனச்ச? உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைத் தொடங்குறதுக்கு முன்னாடியே அவுக போய்ச் சேர்ந்துட்டாக ஆத்தா.”