மதினி திறந்த குழாய்

உலகத்தின் வடகோடியில் உறைந்து கிடக்கும் கரடி ஏரியிலிருந்து கடல் தாண்டிக் கமுதிக்குத் தண்ணீர் அனுப்பும் குழாயில் மாயழகுக்கு மடை திறக்கிற வேலை. கூடவே வேலை பார்த்த அண்ணன் போன குளிரில் பனி உடைந்து ஏரிக்குள் போனவன்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீர் பிணத்தை மேலே விடாது.

கமுதியிலிருந்து ஊர்த் தலைவர் போனில் கத்தினார்.

"உன் மதினி ராப்பகலாக் குழாயைத் திறந்து தெருவுல விடுறாப்பா. புத்தி சொல்லு!"

மாயழகு மதினிக்குப் போன் போட்டான்.

"ஏரி வத்துனாத்தான தம்பி அவுக வெளிய வருவாக? இங்க நான் எறைக்கிறேன். அங்க கரையில தண்ணி இறங்குதா?"

நிலைகொள்ளாமல் கரைப்பாறையைப் பார்த்தான். தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. இருபது பனையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் முங்கிப்போகும் ஆழம்.

"இறங்குது மதினி," என்றவன், யாரையும் கேட்காமல் மடையை முழுசாகத் திறந்துவிட்டான்.