காட்டிக் கொடுத்தவன்

"ஐயோ, படுக்கையெல்லாம் நண்டு ஊருது!" என்று அலறினான் அம்புரோஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கை கிடுகிடுவென்று ஆடியது.

ராயபுரத்தில் அந்தத் தெருவே வாசலில் கூடிவிட்டது. கீழ்ப்பாக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா தயார். துணைக்குப் போலீஸ்காரர் மாசானம்.

"உன் புருஷன் குடிப்பானாம்மா?" என்று பிலோமியைக் கேட்டார், அவனைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரி டாக்டர் ராமதாஸ்.

பிலோமி போலீஸ் தொப்பியைப் பார்த்தாள். மதுவிலக்கு வந்த புதுசு. உண்மையைச் சொன்னால் ஜெயில். கிரேன் வேலையும் காலி.

"மாதா மேல சத்தியமா இல்லீங்க!"

தெரு முழுக்கத் தலையாட்டியது.

"அப்போ மூளைக் கோளாறுதான். ஏத்துங்க வண்டியில."

"பொய்யி சார்!" எதிர்வீட்டுக் கஸ்பார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "மொடாக் குடிகாரன் சார் இவன். பொஞ்சாதி கோயில்ல சத்தியம் வாங்கினா. அன்னிலேர்ந்து சொட்டு தொடலே. அப்பாலதான் இந்த நண்டெல்லாம்!"

"அடப் பாவி, யூதாஸ்!" பிலோமி மண்ணை வாரித் தூற்றினாள். "உன் வாயி வெந்து போவ!"

டாக்டர் ஜட்காவைத் திருப்பச் சொன்னார்.

"இது பைத்தியமில்லைம்மா. தினம் குடிச்சவன் திடீர்னு நிறுத்தினா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து. நம்ம ஆஸ்பத்திரிக்கு வரட்டும். தெளிஞ்ச பிறகும் நண்டு வந்தா, அப்புறம் பார்த்துக்கலாம் கீழ்ப்பாக்கத்தை."

நண்டு வரவில்லை. கொஞ்ச நாளில் அம்புரோஸ் மறுபடி கிரேன் ஏறினான். கை கல்லு மாதிரி நின்றது. சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோடு அவனை ஊர்வலமாய்க் கூட்டி வந்தார்கள்.

பிலோமி நேரே கஸ்பார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வெளிய வாடா யூதாஸ்! எம் புருஷன் சிங்கமாட்டம் வந்து கீறான், பாரு!"

கதவில் பூட்டு.

"மூஞ்சியில முழிக்க வெக்கம். ஓடிட்டான்" என்றது கூட்டம்.

ஊர்வலத்துக்குக் காவல் வந்த மாசானம் தொண்டையைக் கனைத்தார்.

"ஓடலைம்மா. ஜெயில்ல இருக்கான். 'அவன் குடிச்சான்னு உனக்கு எப்படிடா அவ்வளவு நிச்சயம்?'னு அன்னிக்கே தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். 'சாராயம் காய்ச்சி அவனுக்கு ஊத்தினவனே நான்தான். என்னைப் புடிச்சிக்க, அவனை வுட்டுடு'ன்னு ரெண்டு கையையும் நீட்டிட்டான்."

வாத்தியம் நின்றுவிட்டது.

"இன்னா பார்த்துகினு நிக்கறீங்க?" பிலோமி முன்னால் நடந்தாள். "அடிச்சிக்கினே வாங்க, ஜெயிலுக்கு!"