நாலாவது கழுவல்

"என்ட பம்பை எப்பத் திருப்பித் தருவீங்க?" என்றாள் றம்லா, கையில் ஈரத்துணி வாளியோடு.

"இண்டைக்கு வேலையப் பாரு. பிறகு நீயே வேணாம் எண்டு சொல்லுவ," என்றார் அவள் கணவர் ஜவாஹிர்.

ஆலங்குடா என்ற கடலோர ஊரில், வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிக் கட்டிய சின்னப் பட்டறை அவருடையது. படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். பாகங்களைக் கழுவ அவர் செய்து வைத்திருந்த தொட்டி போன மாதம் மானத்தை வாங்கிவிட்டது. கழுவிய அழுக்கு மண்ணெண்ணெயே திரும்பக் குழாயால் வந்து, அதிலிருந்த மணல் படகுக்கார முபாரிஸின் எஞ்சின் பிஸ்டனைக் கீறிவிட்டது. முபாரிஸ் அதைத் துறை முழுக்கச் சொல்லித் தீர்த்தான். அதற்குப் பிறகு ஒரு எஞ்சின்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு கீறல் விழுந்தால், பட்டறையைப் பூட்டிவிட்டு மச்சானுடைய கடையில் போய்ச் சாமான் நிறுக்க வேண்டியதுதான்.

ஜவாஹிர் அசரவில்லை. இரண்டு கிழமை இருந்து தொட்டியைத் திருத்தினார். நடுவில் ஒரு தடுப்பு வைத்தார். மணல் இந்தப் பக்கம் அடங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் வழியும். இரும்புத் தூளைப் பிடிக்க உடைந்த ஸ்பீக்கரின் காந்தம். பம்பு உறிஞ்சும் இடத்தில் பழைய சாரத்துணி. மண்ணெண்ணெயை விட்டுவிட்டுச் சுடுதண்ணீரும் சவுக்காரத் தூளும். பம்பு மட்டும் றம்லாவின் சலவை மெஷினிலிருந்து வந்தது. கேட்டுவிட்டுத்தான் கழற்றியதாக அவர் சொல்கிறார். றம்லாவுக்கு அப்படியொரு ஞாபகம் இல்லை.

"இஞ்ச எஞ்சின் பாக்கிறது ஆர்?"

வேலிப் படலையில் ஒருவன் தோளில் சாக்கோடு நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"நான்தான். வாங்க தம்பி."

"லெம்பேட் எண்டு பேர். தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வந்தனான். இந்த எஞ்சின் மூடியை ஒருக்கா கழுவித் தர வேணும், நானா," என்றான், முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அழைப்பதுபோல்.

"திருவிழாவுக்கு எஞ்சினையும் கூட்டிட்டா வந்தீங்க?" என்று சிரித்தாள் றம்லா.

"வந்த இடத்தில இந்த வேலையும் முடியட்டும் எண்டுதான், அக்கா. ஏற்கெனவே மூண்டு பட்டறைக்குக் கொண்டு போனன். ஒண்டும் சரிவரேல்ல."

ஜவாஹிருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மூன்று பட்டறையைப் பார்த்து வந்த வேலை.

"கதிரையில இருங்க. பத்து நிமிசம்."

சாக்கிலிருந்து மூடியை வெளியே எடுத்தார். விரல் தடிப்புக்குக் கறுப்புக் கிறீஸ் அப்பியிருந்தது.

"பழைய மண்ணெண்ணெய் எஞ்சின். இப்ப இதைக் காணக் கிடைக்காது. கிறீஸ் மட்டும் புதுசா இருக்கே?"

"உப்புப் பிடிக்கும் எண்டு பூசினது," என்றான் லெம்பேட்.

பம்பு உறுமியது. ஜவாஹிர் பிரஷால் தேய்த்தபடியே விளக்கினார். "பாருங்க, அழுக்கு இந்தத் தடுப்பைத் தாண்டாது. மணல் திரும்பி வரவே வராது. இதுல ஒரு கீறல் விழுந்தா, நான் பிறகு ஸ்பானரே தொட மாட்டேன்."

லெம்பேட் தொட்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர் பயந்துபோயிருக்கிறார் என்று றம்லா நினைத்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

கறுப்பெல்லாம் வழிந்து, வெள்ளை அலுமினியம் பளிச்சென்று வந்தது.

"றம்லா, வந்து பாரு. எங்கயாவது கீறல் இருக்கா எண்டு நீயே சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இருக்கே. அந்தா, ஓரத்துல."

ஜவாஹிர் பெருவிரலால் ஈரத்தைத் துடைத்தார். கோணல்மாணலாக ஒரு மீன். தலைக்குப் பதிலாக அந்தப் பக்கமும் ஒரு வால். அவருடைய இடது கை தானாகவே போய்க் கன்னத்தைத் தடவியது.

"இது தொட்டி போட்ட கீறல் இல்ல, றம்லா," என்றார். "நான் போட்டது. தொண்ணூறுல முஸ்லிம் சனத்தையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொல்லித் துரத்தின அண்டைக்கு, வள்ளம் வரும் வரைக்கும் கரையில இருக்கக்குள்ள, வாப்பாட எஞ்சின்ல ஆணியால கீறினேன். ஏன்டா ரெண்டு வால் எண்டு கேட்டார். திரும்பி வரவும் வேணுமே எண்டு சொன்னேன். எல்லாரும் பாக்கக் கன்னத்துல ஒண்டு விட்டார். பிறகு வள்ளத்துல எஞ்சினுக்கு இடமில்ல எண்டுட்டாங்க. கரையில நிண்ட ஒரு மனிசன்ட கையில குடுத்திட்டு ஏறினார். தம்பி, இது உங்களிட்ட எப்படி வந்தது?"

லெம்பேட் கதிரையிலிருந்து எழுந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"கரையில நிண்டது எங்கட அப்பா. உங்கட வாப்பாட பேரைக்கூடக் கேக்க நேரமிருக்கேல்லயாம். அந்தப் பெடியன் எஞ்சினை விட்டு விலகாமல் அழுதவன், இந்தக் கரைப் பக்கம் ஏதாவதொரு பட்டறையிலதான் இருப்பான் எண்டு சொல்லுவார். மீனைக் காட்டிக் கேட்டால் ஆரும் எங்கடது எண்டுதானே சொல்லுவினம்? அதால ஒவ்வொரு பட்டறையிலயும் கழுவி முடிய, நான்தான் திரும்பத் திரும்பக் கிறீஸ் பூசினனான். மீனைக் கண்டதும் ஆர் கன்னத்தைத் தடவுறானோ அவனிட்டக் குடு எண்டுதான் அப்பா சொன்னவர். மிச்ச எஞ்சின் றோட்டில லொறிக்குள்ள கிடக்கு, நானா. இறக்குவமா?"