சுத்தாத கவுன்

"ஊருக்கெல்லாம் சுத்துது, எனக்கு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! ஊருக்கெல்லாம் சுத்துது, எனக்கு மட்டும்..."

காலையிலிருந்து மாமியார் வாயில் இதே பாட்டுதான்.

சுத்தாதது ஒரு கவுன். அவருடைய தையல் கடைக்கு மருமகள் செய்துகொடுத்த இணையப் பக்கத்தில் நீலக் கவுன் சுழல்கிறது, பொத்தான்கள் பறக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். ஆர்டர் பார்க்க இவர் உள்ளே நுழைந்தால் மட்டும் கவுன் கப்சிப்.

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பார்க்கறேன் அத்தை," என்றாள் மருமகள். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள் மகராசி.

மகனுக்கும் மனைவியைப் போலவே இணையப் பக்கம் செய்கிற தொழில்தான். மடிக்கணினியை இழுத்துவைத்துக் குடைந்தான். புருவம் மேலே ஏறியது.

"அம்மா, இது வேணும்னே செஞ்சது! இணையப் பக்கத்துல எது அசைய ஆரம்பிச்சாலும் கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கா. கண்டுபிடிச்ச நொடியே நிறுத்திடுது. அதுவும் நீ நுழைஞ்சா மட்டும்!"

"பார்த்தியாடா! நான் அப்பவே சொன்னேன்ல?"

"ஏன் இப்படி எழுதின?" என்றான் மனைவியிடம்.

அவள் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். "கை தவறிடுச்சு."

"இவ்வளவு நீளத்துக்கா கை தவறும்?"

ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டான்.

கவுன் சுழன்றது. பொத்தான்கள் பறந்தன. கூடவே மேஜை, சுவர், பெற்ற பிள்ளை எல்லாமே சுழன்றன. மாமியார் தையல் மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பிர... பிரமாதம்டா." கண்ணைத் திறக்கவேயில்லை.

இன்னொரு தரம் தலை சுத்தினால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு என்று மகன் எச்சரித்திருந்தான். அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு என்று இவரும் சத்தியம் செய்திருந்தார்.

மகன் வெற்றி வீரனாகப் போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

மருமகள் தண்ணீரை நீட்டினாள். கூடவே ஒரு மாத்திரை. நூல் டப்பாவுக்கு அடியில் மாமியார் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்திருந்ததில் ஒன்று.

"உனக்கு எப்படிடி...?"

"முதல்ல முழுங்குங்க அத்தை."

மருமகள் மடிக்கணினியை இழுத்தாள்; விசைகள் படபடத்தன. கவுன் பட்டென்று நின்றது. சுவரும்தான்.

மாமியார் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"டேய், என் மருமக எழுதினதுல இனிமே நீ கை வைக்காதேடா! காதுல விழுதா?"