சக்கரத்துக்கு ஒரு கும்பிடு

"நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்லித்தானே கொடுத்தீங்கண்ணே? ரெண்டுதான் இழுத்துச்சு. மத்த ரெண்டும் வேடிக்கை பார்த்துச்சு."

பட்டறை வாசலில் நின்று ஜீப்காரர் இதைச் சொன்னபோது காதோரம் காய்ந்திருந்த சேறு உதிர்ந்து சட்டைக் காலரில் விழுந்தது. பின்னால், இழுவைக் கயிற்றின் முனையில், அவருடைய ஜீப் குளத்தை விட்டு வர மனமில்லாத எருமை மாதிரி நின்றது. கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனனும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்தான்.

ஜீப்பைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுத்தவர் இந்த மெக்கானிக்தான். அவரோ கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது. தப்பு செய்தவன் வாயைத் திறப்பானா?

கரடுமுரடுப் பாதையில் ஜீப் ஓட்டும் போட்டி அது. இன்று முதல் சுற்று, நாளை கடைசிச் சுற்று. இன்று இவர் மாட்டிக்கொண்டது முதல் பள்ளத்திலேயே. நேற்றுப் பழகிய பொடியன்கள்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டு தாண்டிய பள்ளம். ஃபோர் வீல் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டன. முன் சக்கரங்களோ விருந்துக்கு வந்தவை போல அசையாமல் இருந்தன. 'அண்ணன் கிணறு வெட்டறாரு, தண்ணி வந்ததும் சொல்றோம்' என்று மைக்கில் ஒருவன் சொல்ல, மைதானமே சிரித்தது. நாளைக்கும் இப்படி நின்றால் அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கிளப் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அதையெல்லாம் மூச்சு விடாமல் மெக்கானிக்கிடம் கொட்டினார். இதற்கு முன் இரண்டு போட்டிகளில் ஆடு மாதிரி மேடு ஏறிய வண்டி அதற்குள் படுத்துவிட்டது என்றால், உள்ளே போட்டது பழைய சாமான்தானே என்று கேட்டார். விடிந்ததும் கிளப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் இந்தப் பட்டறையின் பெருமையைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார்.

மெக்கானிக் நாலு சக்கரமும் தரையில் படாதபடி ஜீப்பை ஜாக்கியில் தூக்கினார். இன்ஜினைக் கிளப்பி ஃபோர் வீல் கியரைப் போட்டார். இன்ஜின் உறுமியது, பின் சக்கரங்கள் சுற்றின. முன் சக்கரங்கள் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் இவர். துக்கத்திலும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மெக்கானிக் இன்ஜினை அணைத்துவிட்டு முன் சக்கரத்தின் அருகே குந்தினார். அதன் நடுவில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். அடியில் ஒரு குமிழ் தெரிந்தது. பிறகு கேட்டார்:

"இன்னிக்குப் பக்கத்து சீட்ல யாரு?"

பேச்சை மாற்றுகிறார் என்று இவருக்குப் புரிந்துவிட்டது. மைத்துனனைக் காட்டினார். வழக்கமாக மனைவிதான் உட்காருவாள், வழி சொல்வாள். ஆனால் சேற்றில் சிக்கினால் வண்டியை மீட்கும் வின்ச் கம்பியை இழுக்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

உண்மையான காரணம் அது இல்லை. அதையும் சொல்லிவிட்டார். கொடி அசைவதற்குச் சற்று முன்பு அவள் இறங்குவாள். ஒவ்வொரு முன் சக்கரத்தின் முன்னாலும் போய்க் குனிவாள், தொடுவாள், எழுந்து வந்து ஏறுவாள். வண்டி ஓட்டுவது இவர், கும்பிடு சக்கரத்துக்கு. 'உங்க வீட்டம்மா பூசையை முடிச்சாச்சா, கொடி காட்டலாமா?' என்று கிளப்பில் கேட்காத ஆள் இல்லை. எத்தனை நாள்தான் பொறுப்பது? நேற்று இரவு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி நீ வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று. அந்தக் கோபத்தில் அவள் இன்று என்ன செய்தாள் தெரியுமா? புருஷன் புறப்படும் நேரத்தில், கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றுக்கு அப்பால் நின்று, கையைத் திருகித் திருகிக் காட்டி நக்கலடித்தாள். இவர் பெரிய மனசு பண்ணி டாட்டா காட்டிவிட்டுப் போனார்.

மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, கூடவே வந்து பட்டறை மூலையில் பழைய டயர் அடுக்கின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்து உன் பூசையைப் பண்ணிட்டுப் போம்மா."

அவள் வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. இடது சக்கரத்தின் முன் குனிந்து, நடுவிலிருந்த குமிழை நாலு விரலால் பிடித்துத் திருகினாள். டக். வலது பக்கம் போனாள். டக். மெக்கானிக் இன்ஜினைக் கிளப்பினார். முன் சக்கரங்கள் இரண்டும் பம்பரமாகச் சுற்றின. வழியில் நின்ற இவர் முகத்தில் மிச்சமிருந்த இடத்திலும் சேறு அடித்தது.

"ரோட்டுல போறப்ப இந்தப் பூட்டு திறந்திருக்கணும். சேத்துல எறங்கறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் பூட்டணும். அப்பத்தான் முன் சக்கரம் இழுக்கும்," என்றார் மெக்கானிக். "வண்டியைக் குடுத்த அன்னிக்கே சொன்னேன். நீங்க பானெட் மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீங்க. காது குடுத்துக் கேட்டது தங்கச்சி மட்டும்தான்."

இவர் மைத்துனனைப் பார்த்தார். அவன் அவசரமாகக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"சரி, விடு," என்றார் மனைவியிடம், குரலை எங்கேயோ தேடிப் பிடித்து. "நாளைக்கு நீயே பக்கத்துல உட்காரு."

அவள் ஜீப்பிலிருந்து சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. கொடி காட்டறதுக்கு முன்னால மறக்காம எறங்கி, ரெண்டு சக்கரத்தையும் கும்பிட்டுட்டு ஏறுங்க."