இகுவானா பிடித்த சனிக்கிழமை

பழனிசெட்டிபட்டி வரிசை வீடுகளின் பின்பக்கத்து முருங்கை மரத்தில் அது குடியேறி ஒரு மழைக்காலம் போய்விட்டது.

கிளிப்பச்சை நிறம். முதுகு நெடுக சீப்புப் பல் மாதிரி முள். உடம்பை விட வால் நீளம். கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த இன்ஜினியர் கொச்சியிலிருந்து குட்டியாக வாங்கி வந்து வளர்த்தது. வேலை மாற்றலாகிப் போனபோது கட்டில் பீரோவை வேனில் ஏற்றினார். இதை மரத்தில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். பெயர் இகுவானா, அமெரிக்கப் பக்கத்துப் பிராணி, இலை தழை தவிர எதையும் தொடாது என்று போகிற போக்கில் சொன்னார். யார் நம்பினார்கள்?

ரீட்டா நம்பவில்லை. அதன் மூச்சுப் பட்டால் தோல் உரியும் என்று முதலில் சொன்னவளே அவள்தான். பக்கத்து வீட்டு ராஜாத்தி, பார்வை பட்டாலே போதும் என்றாள். எதிர்க்கோடி வீட்டு ஆசியா மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். பஞ்சம்மாள் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் மரத்தடியில் சூடம் கொளுத்தினாள். அதுவோ, ரீட்டாவின் செம்பருத்தியைப் பூவும் மொட்டுமாக மேய்ந்துகொண்டு சௌக்கியமாக இருந்தது. விவரம் தெரிந்தவர் என்று ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். உடும்பு என்றால் தொடாதீர்கள், ஓணான் என்றால் விரட்டுங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

கடைசியில் ஆள் பிடித்துக் கொடுத்தது நடு வீட்டு லூர்து மேரி. யாரிடமும் முகம் கோணிப் பேசத் தெரியாதவள். வருசநாட்டுப் பக்கம் பாம்பு பிடிக்கிற முத்துவீரன் என்பவரை அவள்தான் சொல்லி வரவழைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவர் ஒரு சாக்கும் சுருக்குக் கயிறு கட்டிய மூங்கில் கழியுமாக வந்து சேர்ந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கூட்டம் நின்னா இது எறங்காது. வீட்டுக்கு வீடு தாவும். உள்ள பூந்துட்டா வெளிய வர வழி வேணும், பின்கதவைத் தெறந்து போட்டுட்டு எல்லாரும் தெருமுனைக்குப் போயிருங்க."

ரீட்டாவுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஆள், கையில் சாக்கு, வீடெல்லாம் திறந்து கிடக்க வேண்டுமாம். லூர்து மேரியின் காதில் ஓதினாள்.

"நீ பயப்படாம போ ரீட்டா. நான் ஒரு ஆளு இங்கன நிக்கிறேன்ல" என்றாள் லூர்து மேரி.

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் எல்லோரும் காத்திருந்தார்கள். நடுவில் ஒருமுறை பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யார் வீட்டு அடுப்படிக்குள்ளோ அது புகுந்துவிட்டது என்று ஆசியா நடுங்கினாள். ஒருவழியாக, பிடிச்சாச்சு என்று குரல் வந்தது. முத்துவீரனின் சாக்கு புடைத்து நெளிந்தது. ஆளாளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சோறு வைக்கலாம் என்று ரீட்டா அடுப்படிக்குள் போனாள். ஐந்து லிட்டர் குக்கரைக் காணோம்.

அவள் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் அவரவர் வீட்டுக்குள் ஓடினார்கள். ராஜாத்தி வீட்டில் இட்லிப் பானை இல்லை. ஆசியா வீட்டில் எவர்சில்வர் அண்டா போயிருந்தது. பஞ்சம்மாளுக்கு முறுக்குக் குழல்.

பஸ் ஏறக் காத்திருந்த முத்துவீரனை இழுத்து வந்தார்கள். லீவில் இருந்த ஏட்டு ராக்கப்பன் எதிர்த்தெருவிலிருந்து துண்டோடு வந்தார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார். முத்துவீரன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அவிழ்த்தவுடன் இகுவானா தலையை நீட்டி ஒரு சுற்றுப் பார்த்தது. ஏட்டின் முழங்காலில் வாலால் ஒரு விளாசு விளாசிவிட்டு, நேரே முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. சாக்கில் வேறு எதுவும் இல்லை.

"கூட்டாளி இருப்பான்ணே. பின்சுவரு வழியா கைமாத்தி விட்டிருப்பாக. ரெண்டு தட்டுத் தட்டினா உண்மை வந்துரும்" என்றாள் ரீட்டா. கூட்டத்தில் ஒருவன் முத்துவீரனின் சட்டையைப் பிடித்தே விட்டான்.

லூர்து மேரி குறுக்கே வந்து நின்றாள். "அவரை விடுங்க. நான் கூடவே நின்னேன். அவர் எந்த வீட்டுப் படியும் ஏறல."

"அக்கா, நீங்க வெள்ளந்தி. உங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டான்" என்றாள் ரீட்டா.

ராக்கப்பன் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். ரீட்டாவின் அடுப்படி ஆணியில், குளிக்கப் போகும்போது கழற்றி மாட்டிய தங்கச் செயின் அப்படியே தொங்கியது. செயினை விட்டுவிட்டுக் குக்கரைத் தூக்கிப் போகிற திருடனைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று தலையைச் சொறிந்தார்.

"சரி, ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க. பழைய பாத்திரக் கடையில போட்டிருந்தா பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம். அடையாளம் மட்டும் சொல்லுங்க. பேரு வெட்டியிருக்கா?"

"வெட்டியிருக்கு" என்று வேகமாக ஆரம்பித்த ரீட்டா, பாதியில் நின்றுவிட்டாள். ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி ஆசியாவைப் பார்த்தாள். பஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள். லூர்து மேரி கைகளைக் கட்டிக்கொண்டு, சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"என்ன பேரு ஆத்தா?" ராக்கப்பன் மறுபடியும் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்ணே... அந்த ஆளைப் போகச் சொல்லுங்க" என்றாள் ரீட்டா.

நாளைக்கே தந்துவிடுவதாகச் சொல்லி எப்போதோ இரவல் வாங்கிப் போன அந்த நாலு பாத்திரத்திலும் வெட்டியிருந்த பெயர், லூர்து மேரி.