எறும்புகளுக்காக ஒரு நீச்சல்

மழையில் எறும்புப் புற்று கரைந்து, சேர்த்துவைத்த தானியமெல்லாம் போய்விட்டது.

"குளத்தைச் சுற்றி யார் நீந்தினாலும், சுற்றுக்கு ஒரு நெல் எறும்புகளுக்குத் தருகிறேன்" என்றது குருவி.

கரையில் உட்கார்ந்திருந்த தவளைகள் வேறு பக்கம் பார்த்தன. ஒரு தலைப்பிரட்டை மட்டும் நீந்தத் தொடங்கியது.

நாள்கணக்கில் நீந்தியது. புதுப் புற்று நெல்லால் நிறைந்த பிறகுதான் கரையேறியது. அதற்குள் நான்கு கால்கள் முளைத்து, வால் மறைந்திருந்தது.

எறும்புகளுக்கு அடையாளம் தெரியவில்லை. "எங்களுக்காக நீந்தினவருக்கு வால் இருந்ததே?"

"உங்களுக்காக நீந்தி நீந்தியே தேஞ்சுபோச்சு" என்றது அது, நெஞ்சை நிமிர்த்தி.

எறும்புகள் நெகிழ்ந்து கும்பிட்டன.

கரையில் இருந்த தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, வாலில்லாத தங்கள் பின்புறத்தை எறும்புகளுக்குக் காட்டி நின்றன.